மூன்று தண்ணீர்

பொழியூர்
7.9.2025, ஞாயிறு

ஸ்வப்னா,

'அன்புள்ள' என்று தொடங்க வரவில்லை. எழுதிவிட்டு அடித்தால் தாள் அசிங்கமாகும், அதனால் விட்டுவிட்டேன்.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். நம் பெண்கள் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்தும் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டாய். பரவாயில்லை, வீட்டில் பேனா இருக்கிறது. கேரளத்தில் இருந்துகொண்டு தமிழில் எழுதினால் உன் வீட்டில் உன்னைத் தவிர ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. என் வீட்டிலும் அப்படித்தான். வீட்டுக்காரர் நிக்கோலஸ் மலையாளம் படித்தவர், மகள் ஜினிக்கு இங்கிலீஷ். கொண்டுவந்து தருகிற ஆட்டோ கனகதாஸ் அண்ணனுக்கும் தெரியாது. பாறசாலைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் படித்ததற்குக் கடைசியில் இப்படி ஒரு பிரயோஜனம். வாய்க்கு வந்தபடி திட்டலாம்.

வெள்ளிக்கிழமை விஜயம்மா அக்கா வீட்டில் குழு கூடியபோது, பதினோரு பெண்கள் முன்னால் நீ சொன்னதை ரத்னபாய் எனக்கு அப்படியே சொன்னாள். "ஜெம்மா சகிரிச்சோற கழுவாம அனுப்பிட்டா. கடப்புறத்துக்காரிக்கு செடியப் பத்தி என்ன தெரியும்?"

கழுவவில்லை என்றது பொய். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். மற்றதற்கு என்ன பதில் சொல்ல? நான் கடற்கரைக்காரி, கடப்புறத்துக்காரிதான். என் வீட்டில் உட்கார்ந்து மீன்குழம்பை இரண்டாம் தடவை வாங்கித் தின்றபோதும் அது உனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளும் நீ அதை அந்தக் குரலில் சொன்னதில்லை. ரத்னபாய் அந்தக் குரலையும் சேர்த்து நடித்துக் காட்டினாள்.

இந்த வாளி வேலையை நாம் இரண்டு பேரும்தானே தொடங்கினோம்? ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வாளி, அடி வாளியில் தண்ணீர், மேல் வாளியில் மண்கலவை, நடுவில் ஒரு திரி. திரி தண்ணீரை உறிஞ்சி மேலே கொடுக்கும், யாரும் தினமும் ஊற்ற வேண்டாம். வாளியும் திரியும் நாற்றும் உன் பொறுப்பு. தேங்காய்த் தொண்டில் தும்பு எடுத்தபின் மிஞ்சுகிற அந்தச் சகிரிச்சோறை வாங்கிக் கழுவி, சாணகப்பொடியும் மண்புழு உரமும் சேர்த்து, பதமாக நனைத்து அனுப்புவது என் பொறுப்பு. போன வருடம் நான் அனுப்பிய கலவையில் உன் மொட்டைமாடி மிளகாய் காய்த்துத் தள்ளியதே, அப்போது கடப்புறத்துக்காரியின் கை உனக்கு இனித்ததா?

வரும் வெள்ளிக்கிழமை, அதே இடத்தில், அதே பதினோரு பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப எடு. எடுக்காவிட்டால் இனி என்னிடமிருந்து ஒரு சாக்கு மண் வராது.

ஜெம்மா


பாறசாலை
9.9.2025

ஜெம்மா,

உன் கடிதத்தைக் கனகதாஸ் அண்ணன் காலிச் சாக்குகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். "கல்யாண லெட்டரா மக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ எழுதினதை எல்லாம் வாசித்தேன். இப்போது நான் சொல்வதை நீ கேள். நடுவில் நீ கத்த முடியாது என்பதுதான் கடிதத்தில் உள்ள ஒரே நன்மை.

பஞ்சாயத்துப் பகல்வீட்டு மொட்டைமாடியில் நாற்பது வாளி வைத்தோம். நானும் ரத்னபாயும் இரண்டு நாள் படியேறி இறங்கினோம், எனக்கு முட்டு வலி இன்னும் போகவில்லை. பகலெல்லாம் அங்கே வந்து உட்காருகிற பெரியவர்கள் ஆளுக்கு ஒரு வாளியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். வேதமாணிக்கம் சார் தன் வாளியில் செத்துப்போன மனைவியின் பெயரை எழுதியிருந்தார். விவசாயத் துறையின் கிருஷி ஆபீசர் வந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எல்லா வார்டுக்கும் நம் குழுவே செய்யலாம் என்பதற்குத்தானே இத்தனை பாடும்? அவர் வந்த அன்றைக்கு நாற்பதில் முப்பத்தாறு வாளியில் இலை ஓரமெல்லாம் நெருப்பு காட்டினது போலக் கருகி நின்றது. மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் ஒரே மாதிரி. அடி வாளியில் தண்ணீர் இருக்கிறது, திரி ஈரமாக இருக்கிறது, மேலே மண்ணும் ஈரமாக இருக்கிறது. செடி மட்டும் சாகிறது.

ஆபீசர் குந்தி உட்கார்ந்து ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தார். "சகிரிச்சோறு கழுகியில்லா, அல்லே?" என்றார். தேங்காய்த் தொண்டை உப்புக் காயல் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், அந்த உப்பு கழுவினால்தான் போகும் என்றார். மழை விழுகிற சட்டியாக இருந்தால் உப்பு கீழே வடிந்துவிடும். நம் வாளியில் தண்ணீர் அடியிலிருந்து மேலேதான் ஏறுகிறது, அதனால் உப்பும் கூடவே ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. எல்லார் முன்னாலும் நான் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் போல நின்றேன். வேதமாணிக்கம் சார் தன் வாளியில் ஒட்டியிருந்த பெயரை மெதுவாக உரித்து எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தவள் நான், நீ இல்லை.

அன்றைக்கே உனக்கு ஃபோன் செய்து, கழுவினாயா என்று ஒரு கேள்விதான் கேட்டேன். "பின்னே உன் அப்பன் வந்தா கழுவினான்?" என்றாய். என் அப்பா இறந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதனால்தான் பிளாக் செய்தேன்.

ஆகஸ்டில் நீ எங்கே இருந்தாய்? கடல்சுவர் கேட்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாய். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறியலுக்கும் போய், வீட்டையும் பார்த்து, நாற்பது வாளிக்கான சோறையும் மூன்று தண்ணீரில் கழுவினேன் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு தண்ணீரோடு விட்டிருப்பாய். நேரமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வந்து கழுவியிருப்பேன்.

நீ சொல்கிற அந்த வார்த்தையைச் சொன்னேனா என்றால், கோபத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. ரத்னபாய் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

ஸ்வப்னா


பொழியூர்
11.9.2025

ஸ்வப்னா,

நினைவில்லையா? ஒன்பதாம் வகுப்பில் நீ என்னிடம் வாங்கித் திருப்பித் தராத ரிப்பனின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. உனக்குப் போன வெள்ளிக்கிழமை மறந்துபோயிற்று.

உன் அப்பாவை இழுத்தது தப்பு. வாயில் வந்துவிட்டது. அதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மற்ற எதற்கும் வாங்க மாட்டேன்.

ஒரு தண்ணீரோடு விட்டேனா? மறியலுக்குப் போன நாளெல்லாம் விடிவதற்கு முன்னால் எழுந்து கழுவினேன். கட்டியாக வருகிற சோறைச் சருவப் பானையில் ஊறப்போட்டு, அது பொங்கிப் பெருகியதும் அள்ளி எடுத்து, நிக்கோலஸின் கிழிந்த வலையை நாலாக மடித்துத் தென்னைக்கும் தென்னைக்கும் நடுவில் தொட்டில் கட்டி, அதில் கொட்டிக் குடம் குடமாக ஊற்றி மிதித்தேன். முதல் தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போகும். இரண்டாவது இளம் மஞ்சள். மூன்றாவது தண்ணீரைக் கையில் ஏந்தினால் உள்ளங்கை ரேகை தெரிய வேண்டும். தெரிகிறவரை நான் விட்டதில்லை, ஒரு கட்டிக்குக்கூட விட்டதில்லை.

நனைத்ததும் நான்தான். புட்டுக்கு மாவு நனைப்பது போலத் தெளித்துத் தெளித்துப் பிசறினேன். பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும், விரல் வைத்தால் உதிர வேண்டும், இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. காய்ந்த கலவையில் திரி ஒரு சொட்டும் ஏற்றாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே செடியைப் பற்றி ஒன்றும் தெரியாத இந்தக் கடப்புறத்துக்காரிதான்.

கழுவிக் கழுவி என் கை வெடித்துக் கிடக்கிறது. சோப்பு போட்டால் நுரைகூட வருவதில்லை. கள்ளச் சோப்பு விற்கிறீர்கள் என்று கடைக்கார விஜயதாஸ் அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டேன். மூன்று கம்பெனி மாற்றியாயிற்று, எல்லாம் ஒன்றுதான். வாசலில் நிற்கிற கறிவேப்பிலைக்குத் தினமும் கிணற்றிலிருந்து கோரி ஊற்றுகிறேன், அதுவும் கடல்காற்றில் ஓரம் கருகித்தான் நிற்கிறது. அதற்காக நான் யார் மேலும் பழி போடவில்லை.

ரத்னபாய் கூட்டிச் சொல்வாள் என்கிறாய். அவள் இன்னொன்றும் சொன்னாள். மூன்றாம் வாரமே மண்ணுக்கு மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்ததாம், நீ துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுத்துக் குழுவில் போட்டாயாம். இதுவும் கூட்டல்தானா?

எனக்கு இந்தச் சண்டைக்கே நேரமில்லை. 27-ஆம் தேதி சனிக்கிழமை அரசாங்கத்திலிருந்து வீடு கணக்கெடுக்க வருகிறார்கள். ஜூன் மாதக் கடலேற்றத்தில் எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசை வீடும் போய்விட்டது. இப்போது நாங்கள்தான் முதல் வரிசை. இருக்கத் தகுந்த வீடு இல்லை என்று எழுதிவிட்டால் உள்ளே எங்கேயோ ஃபிளாட்டில் கொண்டுபோய் அடைப்பார்கள். மூன்றாம் மாடியில் உட்கார்ந்து நிக்கோலஸ் வள்ளத்தை எப்படிப் பார்ப்பார்? என் நகை முழுதும் இந்தச் சுவரில்தான் இருக்கிறது. நான் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சுவரில் விரிசல் இல்லை, கிணற்றில் நல்ல தண்ணீர் உண்டு, நாங்கள் நகர மாட்டோம்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. மறந்துவிடாதே.

ஜெம்மா


பாறசாலை
15.9.2025

ஜெம்மா,

கடிதம் கூட்டம் முடிந்தபிறகுதான் கிடைத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். காலையிலேயே கிடைத்தது. கூட்டத்தில் நான் எதையும் திரும்ப எடுக்கவில்லை. வாயைத் திறந்தேன், விஜயம்மா அக்கா பார்த்தார்கள், மூடிக்கொண்டேன். எதைத் திரும்ப எடுக்க? செடி செத்ததையா?

வெள்ளையைத் துடைத்தது உண்மை. பூசணம் என்று நினைத்தேன். படம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போதே யாரிடமாவது காட்டியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். அதை நினைத்து மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. போதுமா?

ஆனால் இதையும் கேள். நேற்று மறுபடியும் பகல்வீட்டு மாடிக்குப் போனேன். நான் துடைத்த இடத்தில் எல்லாம் வெள்ளை மறுபடி ஏறியிருக்கிறது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. வீட்டுக்கு வந்து, நீ அனுப்பியதில் பிரிக்காமல் மிஞ்சிய சாக்கைப் பிரித்து, கலவையை ஒரு பிடி எடுத்து என் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து வாயில் வைத்துப் பார்த்தேன். அதுவும் உப்பு. சரி, கழுவாததுதான் என்று நினைத்தேன். பிறகு அதே லோடிலிருந்து நீ மாதிரிக்கு அனுப்பி என் வீட்டில் கிடக்கிற கழுவாத கட்டி ஒன்றை உடைத்து அதையும் அப்படியே கரைத்துப் பார்த்தேன்.

அதில் உப்பு குறைவு, ஜெம்மா. கழுவாத கட்டியில் குறைவு, நீ கழுவினேன் என்கிற சோறில் அதிகம். மகள் நந்தனாவைக் கூப்பிட்டு அவள் நாக்கிலும் வைத்துப் பார்த்தேன், அவளும் அதையே சொன்னாள்.

இதுவரை நீ கழுவாமல் விட்டாய் என்றுதான் நினைத்தேன். சோம்பல் என்று நினைத்தேன், அவசரம் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்க வேண்டியிருக்கிறது. நீ எதில் கழுவினாய்? கிணற்றில் கோரச் சோம்பி வலையோடு தூக்கிக்கொண்டு போய்க் கடலில் முக்கி எடுத்தாயா? வாசலில்தானே கடல் இருக்கிறது, கைக்கு எட்டுகிற தூரம்.

நாற்பது பெரியவர்கள், ஜெம்மா. நீ எதில் கழுவினாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். இதற்குப் பதில் எழுதாவிட்டால் ஆபீசரிடமே இரண்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வேன்.

ஸ்வப்னா


பொழியூர்
17.9.2025

ஸ்வப்னா,

கடலில் முக்கினேனா என்று நீ கேட்டதை வாசித்ததும் உன் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி கோரி அப்படியே முகத்தில் அடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கி வாய் திறந்திருந்தது. தண்ணீர் உள்ளே போயிற்று.

உப்பு.

முதலில் என் கண்ணீர் என்று நினைத்தேன். இன்னொரு வாளி கோரினேன். முகத்தைச் சேலையில் துடைத்துவிட்டு, தம்ளரில் எடுத்துக் குடித்தேன். கிணறு உப்பாக்கும், ஸ்வப்னா. பொழியூரில் இந்த வரிசையிலேயே நல்ல தண்ணீர் உள்ள கிணறு என்று சொல்லித்தான் நிக்கோலஸ் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டார்கள். அந்தக் கிணறு.

ஒரு வருடமாகக் குடிக்கவும் சமைக்கவும் பைப் தண்ணீர்தான். கிணறு குளிக்க, துணி துவைக்க, உன் சோறைக் கழுவ. கடற்கரையில் உதட்டை நக்கினாலே உப்புதான், எனக்கு எப்படித் தெரியும்? நிக்கோலஸ் கடலிலிருந்து வந்து குளிக்கிறவர், அவருக்கு எந்தத் தண்ணீரும் இனிப்புதான். நான் நிறத்தைப் பார்த்தேன், எடி. மூன்று தண்ணீரும் நிறத்தைத்தான் பார்த்தேன். உப்புக்கு நிறம் கிடையாது என்று ஒரு நிமிடம் நினைத்தேனா? ஒவ்வொரு தண்ணீருக்கும் உப்பைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். கடைசியில் பதம் பார்த்துத் தெளித்து நனைத்தேனே, அதுவும் உப்பு. உன் பெரியவர்களின் செடியை நான் என் கையாலேயே ஊறுகாய் போட்டிருக்கிறேன். சோப்பு, கறிவேப்பிலை, எல்லாம் கண்முன்னால் நின்று கத்தியிருக்கிறது. நான் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சொல்வதை நீ கேள். 27-ஆம் தேதி கணக்கெடுப்பு. கிணறு உப்பு என்று ஒரு காதில் விழுந்தாலும் வீடு போயிற்று. ஆபீசரிடம் பொட்டலத்தைக் கொடுக்காதே. குழுவில் ஜெம்மா கழுவவில்லை என்றே சொல்லிக்கொள். சோம்பேறி, கள்ளி, கடப்புறத்துக்காரி, எது வேண்டுமானாலும் சொல், நான் மறுக்க மாட்டேன். கிணறு என்ற வார்த்தை மட்டும் உன் வாயிலிருந்து வரக்கூடாது.

வேறு யாரிடமும் இதை நான் கேட்க மாட்டேன். உன்னிடம் கேட்க வேண்டி வந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருக்கிறது.

ஜெம்மா


பாறசாலை
20.9.2025, சனி

எடி ஜெம்மா,

நேற்றுக் கூட்டத்தில் பேசினேன். ரத்னபாய் கூட்டிச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

எழுந்து நின்றேன். கடப்புறத்துக்காரிக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்று நான் சொன்னேன், என்று அந்த வார்த்தையை அப்படியே திரும்பச் சொன்னேன். நினைவில்லை என்று உனக்கு எழுதினது பொய். ஒவ்வொரு எழுத்தும் நினைவிருந்தது. அது தப்பு, அதைச் சொன்னதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன்.

பிறகு விஜயம்மா அக்கா கேட்டார்கள், "அப்போ செடி எப்படிச் செத்துது?" நீ கழுவவில்லை என்று சொல்லச் சொன்னாய். என் வாயில் அது வரவே இல்லை. உன் கை எப்படி வெடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்தக் கையை வைத்துக்கொண்டு கழுவவில்லை என்று எப்படிச் சொல்வது? "நான்தான் சீக்கிரம் காய்க்கட்டும் என்று ரசாயன உரத்தை அள்ளிப் போட்டேன்" என்றேன். நம்பிவிட்டார்கள். எவ்வளவு சுலபமாக நம்பினார்கள் என்பதைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. இனி நடுகிற வேலையை ஸ்வப்னா தொட வேண்டாம் என்று முடிவாயிற்று. வாளிக்கு ஓட்டை போடுவது மட்டும்தான் எனக்கு. வேதமாணிக்கம் சாரிடமும் அதையே போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

இப்போது உனக்குத் திருப்திதானே? எனக்கு இல்லை. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் போன வாரத்தைவிட இன்றைக்கு அதிகம். அடுத்த சனிக்கிழமை வருகிறவனை ஏமாற்றி அனுப்பிவிடுவாய். அதற்கு அடுத்த மழைக்குக் கடலையும் ஏமாற்றுவாயா? வீட்டுக்கு அடியில் அது வந்து உட்கார்ந்தாயிற்று, உன் கிணற்றில் எட்டிப் பார்க்கிறது, நீ சுவரில் விரிசல் இல்லை என்று தாள் எழுதிக்கொண்டிருக்கிறாய். அந்த வீட்டில் ஜினி தூங்குகிறாள் என்று நினைத்துப் பார்த்தாயா?

நாற்பது வாளிக் கலவையையும் சாக்கில் அள்ளி என் கிணற்றடியில் போட்டு வைத்திருக்கிறேன். எறிய மனம் வரவில்லை. நல்ல தண்ணீரில் கழுவினால் அந்த உப்பு போய்விடும் என்று நினைக்கிறேன். நான் தொடவில்லை. தொட்டால் அதற்கும் சண்டைக்கு வருவாய்.

ஸ்வப்னா


பொழியூர்
28.9.2025, ஞாயிறு

எடி ஸ்வப்னா,

உன்னை யார் உரம் போடச் சொன்னது? என் பெயரைத்தானே கெடுக்கச் சொன்னேன், உன் பெயரைக் கெடுக்க உனக்கு யார் அனுமதி தந்தது? ஒரு வாரமாக உன் மேல் இருக்கிற ஆத்திரத்தில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் பாட்டுக்கு ஒரு பொய்யோடு இருந்திருப்பேன். நீ அதன் மேல் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டாய்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காலையில் பைப்பில் தண்ணீர் வரவில்லை. கணக்கெடுக்கிறவர்கள் வருகிறார்களே என்று நான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் ஜினி புட்டுக்கு மாவு நனைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிணற்று வாளி. எனக்கு என்ன வந்ததோ, ஓடிப்போய் அவள் கையிலிருந்த சட்டியைத் தட்டிவிட்டேன். மாவு தரையெல்லாம் கொட்டியது. "அது உப்பு தண்ணியாக்கும்டி" என்று கத்தினேன், சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "தெரியும் அம்மா," என்றாள். "பைப்பு வராத நாளு கிணத்து தண்ணிதானே. அதான் ஒரு மாசமா நான் புட்டுக்கு உப்பே போடுறதில்ல."

ஒரு மாதமாக நான் அந்தப் புட்டைத் தின்றிருக்கிறேன், ஸ்வப்னா. நன்றாக இருக்கிறது மக்களே என்று அவளிடமே சொல்லித் தின்றிருக்கிறேன். அவள் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நாங்கள் ஏதோ காரணத்துக்காகப் பேசாமல் இருக்கிறோம், தானும் பேச வேண்டாம் என்று இருந்திருக்கிறாள். பதினைந்து வயதுப் பிள்ளை.

பதினோரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த தாள் அவர்கள் கையில் இருந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்து, "நல்ல வெள்ளமல்லே சேச்சி?" என்று கேட்டு, நல்ல தண்ணீர் உண்டு என்று எழுதப் பேனாவை எடுத்தார் அந்த ஆள். நிக்கோலஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கிணற்றில் கோரி, நல்ல கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பேனா எடுத்தவர் கையில் கொடுத்தேன். வெயிலில் வந்தவர், ஒரே மடக்காகக் குடிக்கப் போனார். அப்படியே துப்பிவிட்டார். "எழுதிக்கிடுங்க," என்றேன். "நான் தந்த தாள் தப்பு. அத நான்தான் எழுதினேன். இத நீங்க எழுதிக்கிடுங்க."

நிக்கோலஸ் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வள்ளத்தின் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார். பேசுவார். அவருக்கும் நேரம் வேண்டும். எனக்கும் அழ வேண்டும், இன்னும் அழவில்லை, உனக்கு எழுதி முடித்துவிட்டு அழலாம் என்று இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வாறேன். உரம் என்று நீ சொன்னது பொய், கிணறு உப்பு, என்று நானே எழுந்து நின்று சொல்வேன். நடுகிற வேலையை உனக்குத் திரும்ப வாங்கித் தராமல் அங்கிருந்து எழும்ப மாட்டேன். அந்த வார்த்தையை நீ திரும்ப எடுத்துவிட்டாய் என்று ரத்னபாயும் வந்து சொன்னாள். இந்தத் தடவை குரலை நடித்துக் காட்டவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு இன்னும் போகவில்லை. எப்போது போகும் என்று என்னிடம் கேட்காதே, போகும்போது போகும்.

சாக்கைத் தொடாமல் வைத்தது நல்லது. நாளை மறுநாள் காலை கனகதாஸ் அண்ணன் ஆட்டோவில் வலையோடு வாறேன். கிணற்றடியைக் காலி செய்து, கயிறும் வாளியும் எடுத்து வை. மூன்று தண்ணீர் போதாது, ஐந்து தண்ணீராவது வேண்டியிருக்கும். கடைசித் தண்ணீரைக் கையில் ஏந்தி நிறம் பார்ப்பது நான். நாக்கில் வைத்துப் பார்ப்பது நீ.

நேற்றுச் சாயங்காலம் சோப்புக்கடைக்குப் போய் விஜயதாஸ் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். சோப்பு நல்ல சோப்புதான் அண்ணா, எங்க கிணறுதான் உப்பு, என்றேன். அவர் தராசை ஓரமாகத் தள்ளி வைத்தார். "எங்க வீட்டிலயும் நுரைக்கல்ல மக்கா," என்றார். "ரெண்டு மாசமாச்சு. யாருகிட்டயும் வாய் தொறந்து பறயல்ல, அவ்வளவுதான்."

ஜெம்மா